வாணவேடிக்கைப் போட்டியில் எதைப் பார்ப்பது, எப்படிக் குறித்துவைப்பது

போட்டி முடிந்து கூட்டம் கலையும்போது யாரை நிறுத்திக் கேட்டாலும் கடைசி ஒரு நிமிடத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். வானமே பற்றிக்கொண்டது, நெஞ்சு அதிர்ந்தது, காது அடைத்துப்போனது என்பார்கள். "சரி, நடுவில் எது பிடித்தது?" என்று கேட்டால் யோசிப்பார்கள். 30 நிமிடம் ஓடிய காட்சியில் 29 நிமிடம் நினைவிலிருந்தே போயிருக்கும். போட்டி என்று வந்துவிட்டால் இது பெரிய அநியாயம். கடைசியில் மருந்தைக் கொட்டித் தீர்ப்பவர் யாராக இருந்தாலும் கைதட்டல் வாங்கிவிடலாம். நடுவில் நிதானமாக ஒரு காட்சியைக் கட்டி எழுப்பியவரின் உழைப்பு அந்தச் சத்தத்தில் அடிபட்டுப் போகும்.

பல வருடங்களாக இந்தப் போட்டிகளைத் தேடிப்போய்ப் பார்க்கிறேன். பொதுமக்களில் ஒருவனாக நடுவர் வரிசையில் உட்கார்ந்து மதிப்பெண் போடவும் வாய்ப்புக் கிடைத்திருக்கிறது. இவ்வளவு பார்த்ததில் எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது: வாணம் வெடிக்கிற கணத்தைவிட அது அணைகிற கணத்தில்தான் ஒரு குழுவின் தரம் தெரிகிறது. ஒன்று அணைந்து அடுத்தது எழும் இடைவெளியும் அப்படித்தான். வெடிக்கிற கணத்தில் நம் கண் கூசிப்போயிருக்கும், மனம் துள்ளிக்கொண்டிருக்கும், எல்லாமே நன்றாகத்தான் தோன்றும். அணைகிற கணத்தில்தான் கண்ணுக்கு நிதானம் வருகிறது. இனி நான் சொல்லப்போவது எல்லாம் இதைச் சுற்றித்தான்.

முதலில் உட்காரும் இடம். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வாணத்தை நோக்கி வீச வேண்டும். அப்போதுதான் புகை உங்களை விட்டு விலகிப் போகும். இடமிருந்து வலமாகக் குறுக்கே வீசினாலும் பரவாயில்லை. எதிர்க்காற்று என்றால் புகையும் சாம்பலும் முகத்துக்கே வரும், பத்தாவது நிமிடத்துக்குமேல் நீங்கள் பார்ப்பது வெறும் நிறம்மாறும் மேகத்தைத்தான். அன்றைய காற்றின் திசையை மாலையிலேயே பார்த்துக்கொண்டு இடம் பிடிக்க வேண்டும். ரொம்பக் கிட்டப் போகவும் கூடாது. பெரிய ஷெல் (குழாயிலிருந்து மேலே எறியப்பட்டு வானில் வெடித்து விரியும் உருண்டை வாணம்) ஒன்றின் முழு வட்டமும் தலையைத் திருப்பாமல் கண்ணுக்குள் அடங்க வேண்டும். ஜப்பானில் 10-ஆம் எண் என்று சொல்லும் ஷெல் சுமார் 30 சென்டிமீட்டர் விட்டம். அது 300 மீட்டருக்கு மேல் ஏறி, கிட்டத்தட்ட அதே அகலத்துக்கு விரியும். அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் அது வட்டமா முட்டையா என்றே சொல்ல முடியாது.

அடுத்தது கைப்பேசி. அதை அணைத்துப் பைக்குள் போட்டுவிடுங்கள். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக 20, 30 நிமிடம் ஆகும். திரையை ஒரு தடவை பார்த்தால் அந்தப் பழக்கம் கெட்டுவிடும். மங்கலான நீலமும் கரிப்பொன் வாலும் (கரி எரிந்து விடும் மங்கிய பொன்நிறத் தடம்) முதலில் காணாமல் போகும், அவைதான் தரம் பார்க்க முக்கியமானவை. வீடியோவை வைத்து நிறத்தை மதிப்பிடவும் கூடாது. வெளிச்சம் மிஞ்சும்போது கேமராவில் சிவப்பும் பச்சையும் நடுவில் வெள்ளையாக வெளுத்துப் பதிவாகும்.

குறிப்பு எழுதச் சின்ன நோட்டும் பென்சிலும் போதும். பேனா சில சமயம் எழுதாது, இருட்டில் அது எழுதவில்லை என்றே தெரியாது. இடது கட்டைவிரலை வரி தொடங்கும் இடத்தில் வைத்துக்கொண்டு, நோட்டைப் பார்க்காமலே எழுதுவேன். ஒரு வரி முடிந்ததும் விரலைக் கொஞ்சம் கீழே நகர்த்திக்கொள்வேன். முழு வாக்கியம் எழுத நேரமிருக்காது. நி, வ, அ, இ என்று எழுத்துகள்தான்: நிறம், வட்டம், அணைவு, இடைவெளி. பக்கத்தில் கூட்டல் அல்லது கழித்தல் குறி. பாட்டு மாறும்போது ஒரு கோடு. அப்படி எழுதிய பக்கம் மறுநாள் காலையில் பார்க்கக் கன்றாவியாக இருக்கும், ஆனால் அந்தக் கிறுக்கல்தான் கடைசி ஒரு நிமிடம் மற்றதை எல்லாம் அழித்துவிடாமல் காப்பாற்றுகிறது.

இனி ஒரே ஒரு ஷெல்லைக் கவனிப்போம். இதில் கண் பழகினால் மற்றதெல்லாம் தானாக வரும்.

ஷெல் குழாயிலிருந்து கிளம்பி மேலே ஏறுகிறது. ஏறி முடித்து, இனி இறங்கப் போகிறது என்ற அந்த உச்சியில் வெடிக்க வேண்டும். முந்தி வெடித்தால் விரிந்த பூ மேல்நோக்கி இழுபடும். பிந்தினால் சரிந்து தொங்கும். உச்சியில் வெடித்தால்தான் நாலா பக்கமும் ஒரே மாதிரி விரியும். அடுத்து வட்டம். உள்ளே அடுக்கியிருக்கும் மருந்து மணிகள் எல்லாம் ஒரே வேகத்தில் வெளியே பாய்ந்தால் விளிம்பு ஒழுங்காக இருக்கும். ஒன்றிரண்டு மணி தீப்பிடிக்காமல் போனால் வட்டத்தில் ஓட்டை தெரியும். ஒரு பூவுக்குள் இன்னொரு பூ, அதற்குள் இன்னொன்று என்று அடுக்கடுக்காக விரியும் ஷெல்களில் உள் வட்டங்கள் எல்லாம் நடுமையத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். உள் பூ ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் அடுக்கிய கையில் குறை.

பிறகு நிறம் மாறும் இடம். ஒவ்வொரு மணியும் படலம் படலமாக உருட்டிச் செய்யப்படுகிறது. வெளிப்படலம் எரிந்து தீர்ந்ததும் அடுத்த நிறம் தெரியும். நூற்றுக்கணக்கான மணிகளும் ஒரே நொடியில் சிவப்பிலிருந்து பச்சைக்குத் தாவினால், அத்தனை மணியும் ஒரே கனத்தில் உருட்டப்பட்டவை என்று அர்த்தம். பாதி மாறி பாதி மாறாமல் நின்றால் புள்ளி புள்ளியாகக் கலங்கித் தெரியும்.

கடைசியாக அணைவு. நல்ல ஷெல் ஒரேயடியாக அணையும். விளக்கை யாரோ நிறுத்தியது மாதிரி, எல்லா மணிகளும் ஒரே கணத்தில். ஜப்பானில் ஷெல்லைத் தனியாக மதிப்பிடும்போது இந்த அணைவுக்கும் இடம் உண்டு. ஒரு பக்கம் அணைந்து மறுபக்கம் இரண்டு மூன்று மணிகள் மட்டும் கீழே வரை எரிந்துகொண்டு வந்தால், அந்த ஷெல் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் நான் கழித்தல் குறிதான் போடுவேன்.

நிறத்தில் நீலத்தைத்தான் முதலில் தேடுவேன். சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம், பச்சைக்குப் பேரியம், மஞ்சளுக்குச் சோடியம், ஆரஞ்சுக்குக் கால்சியம். இவை ஓரளவு சொன்னபடி கேட்கும். நீலத்துக்குச் செம்பு. செம்பும் குளோரினும் சேர்ந்த மூலக்கூறுதான் நீல ஒளியைத் தருகிறது. சுடரின் சூடு கூடினால் அது சிதைந்து நிறம் வெளுத்துவிடும், குறைந்தால் வெளிச்சம் போதாது. அந்தக் குறுகிய இடத்தில் நின்று ஆழமான நீலம் காட்டும் குழு மருந்து கலக்கத் தெரிந்த குழு. நீலத்தை எங்கே வைக்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். வெள்ளி மின்னல்களுக்கு நடுவே வைத்தால் அது கண்ணுக்கே தெரியாது. சுற்றிலும் இருட்டு வேண்டும்.

இப்போது இசை. நவீனப் போட்டிகள் பெரும்பாலும் பாட்டோடு ஓடுபவை. கனடாவில் மாண்ட்ரியல் நகரில் 1985-இல் தொடங்கிய போட்டி அப்படித்தான்: ஒரு நாட்டுக்கு ஓர் இரவு, சுமார் அரைமணி நேரம், இசையோடு. ஷெல் மேலே போய் வெடிக்க, சிறியதற்கு இரண்டு மூன்று வினாடி ஆகும், பெரியதற்கு ஐந்தாறு வினாடி, அதற்கு மேலும் கூட. ஆகவே தாளம் விழும் இடத்துக்கு அத்தனை வினாடி முன்பே, வாணத்தைப் பற்றவைக்கும் மின்திரிக்குக் கணினி உத்தரவு கொடுத்துவிட வேண்டும். ஷெல்லின் உள்திரி எரியும் நேரம் ஒன்றுக்கொன்று சற்று முன்பின்னாக இருக்கும், அதனால் உயரத்தில் வெடிப்பது மயிரிழை தவறாமல் விழும் என்று எதிர்பார்க்க முடியாது. தரையிலிருந்து உடனே கிளம்பும் வால்வாணங்களும் ஒரே ஒரு தடவை சுடும் ஒற்றைக் குழாய்களின் வரிசைகளும் அப்படியல்ல, உத்தரவு போன நொடியே எரியும். எனவே நேரக் கணக்கை இந்தத் தாழ்வரிசையில் பாருங்கள், ஷெல்லின் தரத்தை மேலே பாருங்கள். இரண்டையும் ஒரே அளவுகோலில் அளந்தால் தீர்ப்புத் தப்பாகும்.

சத்தம் பிந்தி வருவதற்கும் மதிப்பெண் குறைக்கக் கூடாது. ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். அரைக் கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு வெடிச்சத்தம் ஒன்றரை வினாடி கழித்துத்தான் வந்து சேரும். வடிவமைப்பவர் ஒளியைத்தான் பாட்டோடு பொருத்த முடியும்.

இதைச் சொன்னாலும், காதால் மட்டும் கேட்டுப் பார்ப்பதில் ஒரு பெரிய லாபம் இருக்கிறது. அதை எனக்குக் காட்டியது என் அக்கா. அவர் வாய்ப்பாட்டுச் சொல்லிக்கொடுப்பவர். ஆற்றங்கரையில் நடந்த ஒரு போட்டிக்கு என்னோடு வந்திருந்தார். நான் மும்முரமாகக் கிறுக்கிக்கொண்டிருந்தபோது தோளைத் தட்டி, "கொஞ்ச நேரம் கண்ண மூடிக்கிட்டுக் கேளுடா" என்றார். மூடினேன். டம், டம், டம், டம் என்று ஒரே அளவில் வந்துகொண்டே இருந்தது. "என்ன தோணுது?" என்றார். "சரியாத்தானேக்கா விழுது?" என்றேன். "சரியாத்தான் விழுது. சமத்துலயே விழுது, சமத்துலயே விழுது. ஒரு தடவையாவது தள்ளி எடுத்திருக்கானா?"

சமம் என்றால் தாளம் தொடங்கும் அடியிலேயே விழுவது; தள்ளி எடுப்பது என்றால் அந்த அடிக்குச் சற்று முன்போ பின்போ தொடங்குவது. கண்ணைத் திறந்து பார்த்தால் கண்ணைப் பறிக்கும் காட்சி. கண்ணை மூடினால் வெறும் தட்டல். சத்தம் முழுவதும் பிந்தித்தான் வருகிறது, ஆனால் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் உள்ள இடைவெளி மாறுவதில்லை. அதனால் தாளக்கட்டைக் காதால் எடைபோடலாம். அன்றிலிருந்து ஒவ்வொரு பாட்டிலும் சற்று நேரம் கண்ணை மூடிக் கேட்கிறேன். ஸ்பெயினில் வலென்சியா நகரத்தார் இதை ஒரு தனிக் கலையாகவே வைத்திருக்கிறார்கள். மார்ச் 1 முதல் 19 வரை தினமும் பகல் 2 மணிக்கு நகர மன்றச் சதுக்கத்தில் வெடிப்பார்கள். பட்டப்பகலில் பார்க்க அதிகம் இல்லை. ஓசை எப்படி வளர்கிறது, எப்படி உச்சம் தொடுகிறது என்பதைக் கேட்கத்தான் அந்தக் கூட்டம்.

கடைசி நிமிடத்தை எப்படி மதிப்பிடுவது என்பதும் அக்காவிடம் பேசிப் பேசித்தான் எனக்குத் தெளிவானது. தனி ஆவர்த்தனத்தில் (கச்சேரியில் தாள வாத்தியம் மட்டும் வாசிக்கும் பகுதி) முடிவாக, மூன்று முறை வரும் கோர்வையை வைக்கிற மிருதங்க வித்வான் அதுவரை வாசித்த சொற்களிலிருந்துதான் அதைக் கட்டுகிறார். மூன்றாவது முறை வந்து, பாட்டு தொடங்கும் இடமான எடுப்பில் இறங்கும்போது நமக்கு உடம்பு சிலிர்ப்பது, அது எங்கிருந்து வந்தது என்று தெரிவதால். வாணத்தின் கடைசியும் அப்படி இருக்க வேண்டும். ஐந்தாவது நிமிடத்தில் தனியாக வந்த நீலம், பதினைந்தாவது நிமிடத்தில் வந்த பொன்வால், இவை எல்லாம் கூடி வந்து முடிந்தால் அது முடிவு. எந்தச் சம்பந்தமும் இல்லாமல் வெள்ளை மின்னலையும் வேட்டுகளையும் கொட்டினால் அது காட்சியை நிறுத்துவதற்கான சத்தம், அவ்வளவுதான். இரண்டுக்கும் கைதட்டல் ஒன்றுபோலத்தான் வரும். நடுவர் அதைக் காதில் வாங்கக் கூடாது.

புகையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. காற்றே அசையாத, ஈரப்பதம் மிகுந்த இரவுதான் இருப்பதிலேயே மோசம். புகை அப்படியே நிற்கும். அதைக் குழுவின் தவறு என்று எழுதுவது நியாயமில்லை. ஆனால் அந்தப் புகையை வைத்துக்கொண்டு என்ன செய்தார்கள் என்பது முழுக்க அவர்கள் பொறுப்பு. தேர்ந்தவர்கள் தாழ்வரிசையில் கொஞ்சநேரம் ஆட்டத்தைக் காட்டி, மேல்வானம் தெளிய அவகாசம் கொடுத்து, பிறகு உயரத்துக்குப் போவார்கள். ஓரங்களைப் பயன்படுத்துவார்கள். தேறாதவர்கள் மறைந்துபோன இடத்திலேயே விலையுயர்ந்த ஷெல்களை மேலும் மேலும் அனுப்பிக்கொண்டிருப்பார்கள்.

இடத்தின் அளவும் அப்படியே. அமெரிக்காவில் பின்பற்றும் என்.எஃப்.பி.ஏ. (தேசியத் தீத்தடுப்புச் சங்கம்) 1123 விதிமுறைப்படி ஷெல் விட்டத்தில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் 70 அடி பாதுகாப்புத் தூரம் வேண்டும். 12 அங்குல ஷெல்லுக்கு 840 அடி. குறுகலான குளக்கரையில் நடக்கும் போட்டியில் "பெரிய ஷெல்லே இல்லையே" என்று குறைசொல்வது தவறு. அங்கே அகலத்தையும் கோணத்தையும் எப்படி ஆண்டார்கள் என்றுதான் பார்க்க வேண்டும்.

கோளாறுகளை நான் தனிப் பத்தியில் எழுதுவேன். வெடிக்காமல் இருட்டாகவே விழுந்த ஷெல், குழாய்க்குள்ளேயே வெடித்தது, தாழ வெடித்தது, கிளம்பாமலே போனது. ஒரு போட்டியில் இடது ஓரத்து மேடை முழுவதும் நடுவிலேயே செத்துப்போனது. வயரோ இணைப்போ போயிருக்க வேண்டும். அதன்பிறகு இருபுறமும் ஒத்து வர வேண்டிய ஒவ்வொரு வரிசையும் ஒற்றைக்கை ஆட்டமாகத் தெரிந்தது. பக்கத்திலிருந்தவர்கள் "டிசைன் சரியில்லை" என்று முடிவுகட்டிவிட்டார்கள். வலது பக்கத்தை மட்டும் மனதில் திருப்பிப் போட்டுப் பார்த்தால் அது அன்றைய இரவின் மிக நேர்த்தியான வடிவமைப்பு. செயல்பாட்டுக்குத் தாராளமாகக் குறைத்தேன், வடிவமைப்புக்கு முழுமதிப்பெண் போட்டேன். மதிப்பெண் தாளில் இரண்டுக்கும் வேறுவேறு கட்டம் இருப்பது இதற்காகத்தான்.

ஜப்பானின் ஓமகரியில் 1910-இல் தொடங்கிய போட்டி ஒவ்வொரு வருடமும் ஆகஸ்ட் கடைசிச் சனிக்கிழமை நடக்கிறது. நான் எழுதப் பழகியதற்கு அந்த முறை ரொம்ப உதவியது. மாலை வெளிச்சத்தில் வண்ணப்புகைக்குத் தனிப் போட்டி. இரவில் 10-ஆம் எண் ஷெல்லுக்குத் தனிப் போட்டி. பல ஷெல்களைக் கோத்துக் கதையாக்கும் படைப்புக் காட்சிக்குத் தனிப் போட்டி. கைத்திறனை ஒரு பக்கமும் கற்பனையை ஒரு பக்கமும் பிரித்துப் பார்க்கிறார்கள். நம் நோட்டிலும் அந்தப் பிரிவு இருந்தால் "நல்லா இருந்துச்சு", "சுமார்" என்ற இரண்டு சொல்லோடு திரும்பி வர மாட்டோம்.

முடிந்த உடனே எழுந்து ஓட வேண்டாம். மைதானத்திலோ கரையிலோ வெடிக்காத ஷெல் விழுந்து கிடக்கலாம். உருண்டையாக ஏதாவது கிடந்தால் தொடாமல், அந்த இடத்தில் யாரையும் நெருங்கவிடாமல், குழுவினரைக் கூப்பிடுங்கள். அவர்களும் தேடி வருவார்கள். மதிப்பெண் தாளையும் அப்போதே மூடிவிடக் கூடாது. கடைசி நிமிடத்தைக் கையால் மறைத்துவிட்டு மீதிக் குறிப்புகளை மட்டும் வைத்து ஒரு மதிப்பெண் போடுங்கள், பிறகு கையை எடுத்து இன்னொன்று. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் எங்கேயோ மயங்கிவிட்டீர்கள்.

விமர்சனத்தை எழுதும்போது நேரத்தோடும் காரணத்தோடும் எழுதுங்கள். ஒரு குழுவைப் பற்றி நான் எழுதியது இது (வில்லோ என்பது பொன்வால்கள் மரக்கிளைபோலத் தொங்கி இறங்கும் ஷெல்): "14-ஆவது நிமிடம், ஐந்து வில்லோ. கரிப்பொன் வால்கள் இறங்கத் தொடங்கி இரண்டு வினாடிகூட ஆகவில்லை, கீழிருந்து வெள்ளி வரிசை கிளம்பி அத்தனையையும் அழித்துவிட்டது. அந்த ஐந்தையும் அணையும்வரை விட்டிருந்தால் இரவிலேயே அழகான இடம் அதுதான்." வில்லோவின் அழகே அது தொங்கித் தொங்கி இறங்கி இருட்டில் கரைவதுதான். அதற்குப் பல வினாடி வேண்டும்.

அந்தக் குழுவின் வடிவமைப்பாளரைப் பிறகு நேரில் பார்த்துப் பேசினேன். மரியாதையாகத்தான் மறுத்தார். "அந்த இடத்துல பாட்டு நிக்காது சார். பாட்டு ஓடும்போது நான் வானத்தைச் சும்மா விட்டா டைமிங் போச்சுன்னு நீங்களே எழுதுவீங்க" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. நான் மட்டுமல்ல, பல நடுவர்களும் அப்படி எழுதக்கூடியவர்கள்தான். ஆனாலும் வில்லோவை அவ்வளவு உயரத்தில், அவ்வளவு நேர்த்தியாக ஐந்து ஒரே நேரத்தில் விரிக்கத் தெரிந்தவர், அது நின்று அணைய இடம் கொடுக்கும் பாட்டாகப் பார்த்து எடுத்திருக்கலாம் என்றேன். அதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. நானும் போட்ட கழித்தல் குறியை எடுக்கவில்லை.